அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் அடம் பிடித்தால்...

உதிரி பாகங்களை வாங்கி வீட்டிலேயே கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யலாம், காசும் கொஞ்சம் மிச்சமாகும் என்று மகளிடம் பெருமையாகச் சொல்லியிருந்தேன். கல்லூரியில் படிக்கும் அவளும் ஆர்வமாகக் கிளம்பி விட்டாள். சென்னை ரிச்சி தெருவில் அரை நாள் அலைந்து மதர்போர்டு, ப்ராசசர், 8 ஜி.பி. டி.டி.ஆர்.5 ராம் இரண்டு, எஸ்.எஸ்.டி., எஸ்.எம்.பி.எஸ்., கேபினட் என்று எல்லாவற்றையும் வாங்கி வந்தோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்து மாலைக்குள் எல்லாவற்றையும் பொருத்தி முடித்தோம். பவர் பட்டனை அழுத்தினேன். ஒன்றுமே நடக்கவில்லை.

அன்று தொடங்கிய தொல்லை தீர இரண்டு வாரம் ஆயிற்று. இடையில், திரும்பக் கிடைக்காத ஒன்றை நானே அழித்து விடப் பார்த்தேன். நீங்களும் புதிதாக அசெம்பிள் செய்கிறவர் என்றால் என் அனுபவம் உங்களுக்கு உதவும்.

உயிரே இல்லையா?

முதலில் கேபினட்டுக்கு வெளியே பாருங்கள். சுவரில் உள்ள ஸ்விட்ச், யு.பி.எஸ்., பிறகு எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பின்புறம் உள்ள சிறிய ஸ்விட்ச். இதில் கோடு போட்ட பக்கம் அழுந்தியிருந்தால் ஆன். வட்டம் போட்ட பக்கம் என்றால் ஆஃப். அடுத்து, மதர்போர்டில் 24 பின் பிளக் கடைசி வரை அழுந்திக் கொக்கி மாட்டியிருக்கிறதா என்று பார்க்கவும்.

என் தவறு வேறு இடத்தில் இருந்தது. கேபினட்டின் முன்பக்கப் பட்டனிலிருந்து வரும் மெல்லிய ஒயரை, மதர்போர்டில் பவர் பின்களுக்குப் பதிலாக ரீசெட் பின்களில் செருகியிருந்தேன். மதர்போர்டுடன் தரும் புத்தகத்தில் இதற்கென்று படமே இருக்கிறது. நான்தான் பிரித்துப் பார்க்கவில்லை. மாற்றிச் செருகியதும் விசிறிகள் சுற்றின.

விசிறி சுற்றுகிறது, திரை கறுப்பு!

"அப்பா, ஃபேன் சுத்துது. ஆனா மானிட்டர்ல ஒண்ணும் வரலையே" என்றாள் மகள்.

கம்ப்யூட்டர் கிளம்பும்போது ப்ராசசர், ராம், கிராபிக்ஸ் என்று ஒவ்வொன்றாகத் தானே சோதித்துக் கொள்ளும். முன்பெல்லாம் கோளாறு இருந்தால் பீப் ஒலி கேட்கும். அதை எண்ணிப் பார்த்து என்ன பிழை என்று தெரிந்து கொள்வோம். இன்றைய பல மதர்போர்டுகளில் அதற்குப் பதிலாக ஓரத்தில் நான்கு சிறிய விளக்குகள் உள்ளன. சி.பி.யு., டிராம், வி.ஜி.ஏ., பூட் என்று அவற்றின் அருகிலேயே எழுதியிருக்கும். எந்த விளக்கு அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் சோதனை நின்று விட்டது என்று அர்த்தம்.

எங்களுடையதில் சி.பி.யு. விளக்கு எரிந்தது. ப்ராசசருக்குத் தனியாக மின்சாரம் தரும் 8 பின் பிளக்கை மாட்டவே இல்லை! மாட்டியதும் அந்த விளக்கு அணைந்து, டிராம் விளக்கு எரிய ஆரம்பித்தது. பொறுமை இழந்து மூன்று முறை ஆஃப் செய்து ஆன் செய்தேன். அதன் பிறகுதான் புத்தகத்தைப் பிரித்தேன். அதில் இரண்டு விஷயங்கள் தெரிந்தன. ஒன்று, இரண்டு ராம்கள் மட்டும் இருந்தால் ப்ராசசரிலிருந்து எண்ணி 2ஆவது, 4ஆவது ஸ்லாட்டுகளில் செருக வேண்டும். நான் முதல் இரண்டில் செருகியிருந்தேன். மற்றொன்று, டி.டி.ஆர்.5 ராம் பொருத்தி முதல் முறை ஆன் செய்யும்போது, மதர்போர்டு அந்த ராமைப் பழகிக் கொள்ளச் சில நிமிடங்கள் ஆகும். அதுவரை திரை கறுப்பாகத்தான் இருக்கும். நடுவில் ஆஃப் செய்யக் கூடாது.

ராம்களை மாற்றிச் செருகி, காபி குடிக்கப் போய் விட்டோம். திரும்பி வந்தபோது திரையில் மதர்போர்டு நிறுவனத்தின் சின்னம் தெரிந்தது.

உங்கள் கம்ப்யூட்டரில் தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால், மானிட்டர் கேபிளை மதர்போர்டில் மாட்டாமல் அந்தக் கார்டில் மாட்டவும். பலரும் செய்யும் தவறு இது.

ஓடியது, ஆனால் நிலைக்கவில்லை

விண்டோஸ் நிறுவினோம். ராம் பெட்டியில் வேகம் 6000 என்று போட்டிருந்தது. ஆனால் 4800 வேகத்தில்தான் ஓடியது. நண்பர் சொன்னபடி பயாஸில் எக்ஸ்போ என்ற வசதியை இயக்கி 6000 ஆக்கினேன். (இன்டெல் ப்ராசசருக்கான போர்டுகளில் இது எக்ஸ்.எம்.பி. எனப்படும்.) பிறகு பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து பதினைந்து வருடக் குடும்பப் படங்களைப் புதிய கம்ப்யூட்டருக்கு காப்பி செய்தேன்.

மூன்றாம் நாள் நீலத் திரை. மெமரி மேனேஜ்மெண்ட் பிழை என்றது. அடுத்த நாள் வேறொரு பிழை. ஈவன்ட் வியூவரில் பார்த்தால் 'கெர்னல்-பவர் 41' என்று இருந்தது. கம்ப்யூட்டர் முறையாக ஷட் டவுன் ஆகவில்லை என்பதை மட்டுமே இது சொல்லும், காரணத்தைச் சொல்லாது. அது தெரியாமல் விண்டோஸை மறுபடி நிறுவி இரண்டு நாட்களை வீணாக்கினேன். நீலத் திரை மீண்டும் வந்தது.

இந்த நேரத்தில் என் மனைவி, மறைந்த என் அப்பாவின் படத்தைத் தேடினார். பாதிப் படம் தெரிந்தது. மீதி சாம்பல் நிறம். இன்னொன்று திறக்கவே இல்லை. பார்த்தால் ஏராளமான படங்கள் கெட்டிருந்தன.

ஒரு ஃபைலை காப்பி செய்யும்போது அது ராம் வழியாகத்தான் போகிறது. ராம் ஒரே ஒரு பிட்டை மாற்றிப் படித்தாலும், அந்தத் தவறு அப்படியே டிஸ்க்கில் எழுதப்பட்டு விடும். எந்த எச்சரிக்கையும் வராது. பழைய ஹார்ட் டிஸ்க்கை ஃபார்மேட் செய்து தங்கை மகனுக்குத் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். அந்த ஞாயிறுதான் தருவதாக இருந்தது. நல்ல வேளை, அப்பா படங்கள் அதில் பத்திரமாக இருந்தன.

ஒரு முறைக்கு ஒரே மாற்றம்

அதன் பிறகுதான் ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து, ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, விளைவை எழுதி வந்தேன். மெம்டெஸ்ட்86 என்ற இலவச புரோகிராமை பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே பூட் செய்து ராமைச் சோதித்தேன். எக்ஸ்போவுடன் ஏராளமான பிழைகள். எக்ஸ்போவை நிறுத்தினேன், பிழைகள் குறைந்தன, நிற்கவில்லை. ஒரு ராமைக் கழற்றி விட்டு மற்றதை மட்டும் இரவு முழுக்க ஓட்டினேன், பிழையே இல்லை. அதை எடுத்து விட்டு அதே ஸ்லாட்டில் இன்னொன்றைப் போட்டதும் பிழைகள் வந்தன. ஸ்லாட் நல்லது, கோளாறு அந்த ராமில்தான் என்று உறுதியாயிற்று.

கடைக்காரர் முதலில் "விண்டோஸ் பிராப்ளமா இருக்கும் சார்" என்றார். செல்போனில் எடுத்து வைத்திருந்த பிழைப் பட்டியலைக் காட்டியதும் பேச்சில்லை. வாரண்டியில் ராம் ஜோடியையே மாற்றித் தந்தார். புதியவற்றை எக்ஸ்போவுடன் ஓர் இரவு சோதித்தேன். பிழை எதுவும் இல்லை. அதன் பிறகே படங்களை மறுபடி காப்பி செய்தேன்.

நீங்கள் கவனிக்க வேண்டியவை

* கேபினட்டைத் திறக்கும் முன் பவர் கேபிளைக் கழற்றவும்.

* ஆன் செய்த சிறிது நேரத்தில் தானே ஆஃப் ஆனால், ப்ராசசர் கூலரைப் பாருங்கள். அதன் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்காமல் பொருத்தியிருக்கலாம்.

* மதர்போர்டைத் தாங்கும் பித்தளைத் தண்டு தவறான இடத்தில் இருந்தால் ஷார்ட் ஆகும். திருகுத் துளை உள்ள இடத்தில் மட்டும் தண்டு இருக்க வேண்டும்.

* பயாஸில் எதையோ மாற்றிய பின் கிளம்பவில்லையா? பவர் கேபிளைக் கழற்றி விட்டு, மதர்போர்டில் உள்ள வட்ட பேட்டரியை ஐந்து நிமிடம் எடுத்து வைத்து மறுபடி போடவும். பயாஸ் பழைய நிலைக்குத் திரும்பும்.

* விண்டோஸை மறுபடி நிறுவும் முன் ராமைச் சோதிக்கவும்.

கம்ப்யூட்டர் கிளம்பி விட்டது என்பதற்காக அதை நம்பி விடாதீர்கள். ஓர் இரவு சோதித்து, ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். அதுவரை பழைய ஹார்ட் டிஸ்க்கில் கை வைக்க வேண்டாம். என் தங்கை மகன் இன்னும் அந்த டிஸ்க்கைக் கேட்டுக் கொண்டிருக்கிறான். அவனுக்குப் புதிதாக ஒன்று வாங்கித் தருவதாகச் சொல்லி விட்டேன்.