பாட்டி படத்தைப் பழுது பார்ப்பது எப்படி?

1858-இல் லின்னேயஸ் ட்ரைப் கேமராவோடு மதுரைக்கு வந்தார். சென்னை மாகாண அரசு நியமித்த புகைப்படக்காரர் அவர். கோயிலையும் மகாலையும் எடுத்த கையோடு வண்டியூர் தெப்பக்குளத்தையும் படமாக்கினார். அந்தக் காலத்துப் படங்களில் வானம் வெறும் வெளுப்பாகவே விழும். அதனால் ட்ரைப் தம் நெகட்டிவ்கள் பலவற்றில் தூரிகையால் மேகங்களையும் தழைகளையும் தீட்டிச் சேர்த்தார். படத்தைச் செப்பனிடும் வேலை கம்ப்யூட்டரோடு வந்ததல்ல. பிற்பாடு ஸ்டுடியோக்களில் 'டச்சிங்' செய்தவர்களும் கூராகச் சீவிய பென்சிலால் நெகட்டிவில் இழைத்து, முகத்துப் பருவையும் சுருக்கத்தையும் மறைத்தார்கள்.

இன்று அந்த வேலை ஸ்கேனரிலிருந்து தொடங்குகிறது. அதற்கு முன், படம் ஏன் கெடுகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

கறுப்பு வெள்ளைப் படம் என்பது தாளின் மேல் பூசிய ஜெலட்டின் படலம். அதற்குள் நுண்ணிய வெள்ளித் துகள்கள் இருக்கின்றன. ஜெலட்டின் விலங்குகளின் எலும்பிலும் தோலிலும் எடுப்பது. ஈரம் பட்டால் பூஞ்சைக்கு அதுவே தீனி. காற்றின் மாசும் ஈரமும் சேர்ந்து வெள்ளியை அரிக்க, அது மெல்ல மேலேறிப் படிந்து, ஓரங்களில் நீலம் கலந்த உலோக மினுக்காகத் தெரியும். 1970களின் கலர் படங்களுக்கு நோய் வேறு. அவற்றில் இருப்பவை மூன்று சாயங்கள். பல தாள்களில் பச்சைநீலச் சாயம் முந்தி மங்கியதால்தான் அக்காலத்துக் கல்யாண ஆல்பங்கள் சிவந்து கிடக்கின்றன. மதுரையின் கோடை வெப்பம் அதை இன்னும் விரைவாக்கும்.

மறைந்தவர் படத்தின் கண்ணாடிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து மாலை போடுவது நம் வழக்கம். ஈரம் சட்டத்துக்குள் இறங்கினால் ஜெலட்டின் இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டிய படத்தைத் தயவுசெய்து பிய்க்காதீர்கள், முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யலாம். ஆனால் எல்லா ஸ்கேனரும் அதற்கு உதவாது.

ஸ்கேனரின் மூடியைச் சாத்தியதும் நகரும் வெளிச்சக் கோடு படத்தை வரிவரியாகப் படிக்கிறது. திரும்பி வரும் ஒளி சென்சாரில் விழ, ஒவ்வொரு புள்ளியின் சிவப்பு, பச்சை, நீல அளவும் எண்ணாக மாறுகிறது. சிசிடி வகை ஸ்கேனரில் உள்ளே லென்ஸ் உண்டு. சற்று உயரத்தில் இருக்கும் படமும் தெளிவாக விழும். மெல்லிய, மலிவான சிஐஎஸ் வகையில் படம் ஸ்கேனர் கண்ணாடியைத் தொட்டே இருக்க வேண்டும், கொஞ்சம் விலகினாலும் கலங்கும். அங்குலத்துக்கு 600 புள்ளிகள் என்று வைத்தால் 4×6 அங்குலப் படம் 86 லட்சம் புள்ளிகளாகிறது. சுருக்காமல் டிஃப் கோப்பாகச் சேமித்தால் சுமார் 26 எம்பி. சின்ன பாஸ்போர்ட் படத்துக்கு 1200 வைப்பது நல்லது.

கம்ப்யூட்டரில் ஸ்கேன் செய்த முதல் புகைப்படமே ஒரு குடும்பப் படம்தான். 1957-இல் அமெரிக்காவில் ரசல் கிர்ஷ், மூன்று மாதக் குழந்தையான தம் மகன் வால்டனின் படத்தை 176×176 புள்ளிகளாகக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோனார்.

ஸ்கேன் முடிந்ததும் அந்த மூலக் கோப்பைத் தொடக் கூடாது. நகலெடுத்து அதில்தான் கைவைக்க வேண்டும். கீறலுக்குப் பக்கத்துப் புள்ளிகளைக் கொண்டு கீறலை மூடுவது அடிப்படை உத்தி. 2002-இல் போட்டோஷாப்பின் ஏழாம் பதிப்போடு வந்த ஹீலிங் பிரஷ், சுற்றியுள்ள நிறத்தோடும் வெளிச்சத்தோடும் அந்த ஒட்டை இசைய வைத்தது. பின்னணித் திரையில் இதைத் தாராளமாகச் செய்யலாம். கண்ணிலும் வாயிலும் விழுந்த கீறலுக்குப் பொறுமையும், அந்த மனிதரை அறிந்த ஒருவரின் துணையும் தேவை.

இப்போது நொடியில் முகத்தைத் துலக்கித் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் வந்துவிட்டன. 2021-இல் வெளியான ஜிஎஃப்பி-கேன் என்ற புகழ்பெற்ற மென்பொருள், இணையத்தில் திரட்டிய 70,000 முகப் படங்களைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்டது. மங்கிய இடத்தில் என்ன இருந்தது என்று அதற்குத் தெரியாது. இருந்திருக்கக்கூடிய ஒன்றை, தான் பார்த்த முகங்களிலிருந்து வரைகிறது. மதுரைப் பக்கத்துப் பாட்டிகளின் தண்டட்டி தொங்கும் நீண்ட காது அந்த 70,000 படங்களில் எத்தனையில் இருந்திருக்கும்? தண்டட்டியைக் காதை ஒட்டிய கறையென்று நினைத்து மென்பொருள் அழித்துவிட்டால், வந்து நிற்பவர் வேறு யாரோ. கீறலோடு இருக்கும் நிஜ முகம் அதைவிட எவ்வளவோ மேல்.

ஆவணக் காப்பகங்கள் இதில் கறாராக இருக்கின்றன. படம் எந்த நிலையில் கிடைக்கிறதோ, அந்த நிலையிலேயே பதிவாக வேண்டும் என்பது அவற்றின் நெறி. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் நிதி உதவியோடு பழைய தமிழ் ஸ்டுடியோப் படங்களைத் தேடி டிஜிட்டலாக்கியது. எத்தனையோ ஸ்டுடியோ நெகட்டிவ்கள் வெள்ளிக்காக விற்றும், கரையான் தின்றும் போய்விட்ட நிலையில், வீட்டுச் சுவரில் தொங்கும் படமே சில குடும்பங்களுக்கு மிஞ்சிய ஒரே பிரதி.

ஆகவே முன்பக்கத்தோடு பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டுடியோ முத்திரையும் தேதியும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இந்த வாரமே படங்களோடு அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, யார் யார் என்று கேட்டு, அந்தப் பெயர்களைக் கோப்பின் பெயரிலேயே எழுதி வையுங்கள்.