விதையின் பூட்டும் வெந்நீர்ச் சாவியும்

கொல்கத்தாவில் வாடகை அறையில் வாழும் நமக்குத் தோட்டம் ஏது என்று கேட்பீர்கள். வெயில் விழும் ஒரு சன்னலும், தேநீர் குடித்தபின் நாம் வீசியெறியும் மண்குவளைகளும் உண்டல்லவா? அவை போதும்.

சென்ற ஆண்டு ஊரிலிருந்து புறப்படும்போது, வாய்க்கால் கரையில் பறித்த தொட்டாற்சிணுங்கி விதைகளை அம்மா காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். மொத்தம் முப்பது. இங்கு வந்ததும் இருபதை அப்படியே ஊன்றி, ஒரு மாதம் நாள்தோறும் நீர் தெளித்தேன். முளைத்தது ஒன்றே, அதுவும் அழுகிப்போயிற்று. எஞ்சியவை பத்து. அவையும் பொய்த்தால் அடுத்த விடுமுறை வரை காத்திருக்க வேண்டும். குறை விதையிலா, என்னிடத்திலா?

என்னிடத்தில்தான். இச்செடி அவரை, புளி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. இதன் விதைத்தோல் நீர் புகாதவாறு இறுகியது. உள்ளே முளைக்கரு உயிரோடு உறங்கும். நீர் புகுந்தாலன்றி விழிக்காது. வெளியில் வெயிலும் மழையும் அத்தோலை மெல்லத் தளர்த்துகின்றன. ஆதலால் எல்லா விதைகளும் ஒரே மழையில் முளைத்து, அடுத்து வரும் வறட்சியில் ஒருங்கே மடிவதில்லை. செடிக்கு நன்மையான இப்பூட்டை, வீட்டில் வளர்ப்போர் தாமே திறந்தாக வேண்டும்.

திறப்பது எளிது. கொதித்து இறக்கிச் சற்றே ஆறிய வெந்நீரை விதைகள்மீது ஊற்றி, ஓர் இரவு ஊறவிடுங்கள். காலையில் உப்பியிருப்பவை நீர் குடித்தவை. உப்பாதவற்றை உப்புத்தாளில் இலேசாகத் தேய்த்து மீண்டும் ஊறவையுங்கள். குவளையின் அடியில் துளையிட்டு, மணல் கலந்த மண் நிரப்பி, விதை மறையும் அளவே மண் தூவுங்கள். ஈரம் இருக்கட்டும், நீர் தேங்க வேண்டா. குளிர்காலம் கழிந்து மார்ச்சு பிறந்ததும் தொடங்குவது நலம். வேர் கலையாதபடி மண்ணோடு பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள். இவ்வாறு செய்ததில், என் பத்தில் ஏழு முளைத்தன!

இச்செடிக்கும் இந்நகருக்கும் உறவு உண்டு. நம் ராஜாபஜார் அறிவியல் கல்லூரியின் அருகே நிற்கும் ஆய்வு நிலையத்தை 1917-இல் நிறுவிய ஜகதீச சந்திர போஸ், தொட்ட இடத்திலிருந்து மின்துடிப்பு செடியினுள் பரவுவதைக் கருவிகளால் பதிவு செய்து காட்டியவர். துடிப்பு இலைக்காம்பின் அடியிலுள்ள தடித்த கணுவை அடைந்ததும், ஒரு பக்கத்து உயிரணுக்களிலிருந்து உப்புகளும் அவற்றைத் தொடர்ந்து நீரும் வெளியேறுகின்றன; கணு தளர, இலை சாய்கிறது. மடங்க இயலாத செடிகளைப் பூச்சிகள் மிகுதியாகத் தின்றன என்று ஜப்பானிய ஆய்வாளர் 2022-இல் காட்டினர். எனவே சிணுங்கல் வீண் நாணமன்று, தற்காப்பு. மடங்கிய இலை பெறும் ஒளியோ குறைவு. ஆசைக்கு ஒருமுறை தொடுங்கள். ஓயாது தொட்டு வளர்ச்சியைக் கெடுக்காதீர்கள்.

வீட்டுக்கார அம்மையார் ஒருநாள் என் சன்னலைக் கண்டு, "அட, லஜ்ஜாவதி! எங்கள் ஊர்ச் செடி ஆயிற்றே!" என்றார். எங்கள் வாய்க்கால் கரைச் செடி என்று நானும் சொன்னேன். உண்மையில் இதன் தாயகம் அமெரிக்காவின் வெப்பப் பகுதி. எங்கிருந்தோ வந்து, இருவர் மொழியிலும் பெயர் பெற்று, இருவர்க்கும் சொந்தமாகிவிட்டது. பிழைக்க வந்த நமக்கு இதைவிட நல்ல அறைத்தோழன் யார்?

என் செடியில் இப்போது காய்கள் முற்றியுள்ளன. வேண்டுவோர் அடுத்த மன்றக் கூட்டத்தில் என்னிடம் விதை பெற்றுக்கொள்ளலாம். வெந்நீர் மட்டும் உங்கள் பொறுப்பு!