பாசி தின்னும் மீனுக்கும் பசிக்கும்

கொக்குவிலில் நான் சென்று வரும் வீடுகள் சிலவற்றில் கண்ணாடி மீன் தொட்டிகளைக் காண்கின்றேன். சிலர் பிள்ளைகளின் ஆசைக்காக வைத்திருக்கிறார்கள். வேறு சில சகோதரிகள் கப்பி, மொலி போன்ற மீன்களைப் பெருக்கி விற்று, கைச்செலவுக்கு ஏதாவது தேடலாம் என்ற எண்ணத்துடன் தொடங்கியிருக்கிறார்கள். எமது கிணற்று நீர் சுண்ணாம்புக்கல் நிலத்திலிருந்து வருவதால் வன்மையானது. இவ்விரு மீன்களுக்கும் அத்தகைய நீர் ஒத்துப்போகும்.

தொட்டி வாங்கும்போது பலர் கூடவே ஒரு கரிய மீனையும் வாங்கி வருகிறார்கள். வாயினால் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் இதனை 'சக்கர்' என்றும் 'ராங் கிளீனர்' என்றும் சொல்வார்கள். இதன் தாயகம் தென் அமெரிக்கா.

கணவனை இழந்து, இடியப்பம் அவித்து விற்று இரண்டு பிள்ளைகளை வளர்க்கும் ஒரு சகோதரி, சிறுகச் சேர்த்த பணத்தில் தொட்டியும் மீன்களும் வாங்கினார். இரண்டு கிழமைக்குள் ஒரு சக்கர் இறந்துவிட்டது. மற்றதன் வயிறு உட்குழிந்திருந்தது. "அது ஊத்தையைத் தின்னும், சாப்பாடு போடத் தேவையில்லை எண்டு கடையில சொன்னவை மிஸ். பிறகேன் இப்பிடி மெலியுது?" என்று கேட்டார். இறந்த மீனைப் புதைத்த இடத்தைச் சின்ன மகள் எனக்குக் காட்டினாள். மீன்தானே என்று சொல்லிவிடலாம். ஆனால் பல இழப்புகளைக் கண்ட வீட்டில் இதுவும் ஓர் இழப்புத்தான்.

ஏன் மெலிகிறது?

புதிய தொட்டியில் பாசி இல்லை. கழுவித் துடைத்த கண்ணாடியில் அது படர்வதற்குச் சில கிழமைகள் எடுக்கும். அப்படிப் படர்ந்தாலும் ஒரு சக்கர் அதனைச் சில நாட்களில் சுரண்டி முடித்துவிடும். மற்ற மீன்களின் கழிவை இது உண்பதில்லை. மேலே தூவும் தீனியை மற்ற மீன்கள் தின்றுவிடும். சக்கரோ பகலில் ஒளிந்திருந்து இரவில் இரை தேடும் மீன். எனவே அது தொட்டியின் அடியில் பட்டினி கிடக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியா நஞ்சாகும். அதனை மாற்றும் நுண்ணுயிர்கள் தொட்டியில் நன்கு பெருக நான்கு முதல் ஆறு கிழமைகள் ஆகும். ஆகவே அந்தக் காலம் கழிந்து, கண்ணாடியில் பச்சை படிந்த பின்னர் சக்கரை வாங்குவதே நல்லது.

என்ன கொடுக்கலாம்?

ஏற்கெனவே வாங்கிவிட்டால் கவலை வேண்டாம். தீனி எமது குசினியிலேயே இருக்கிறது. கெக்கரிக்காய், பீர்க்கங்காய், பசளிக்கீரை ஆகியவற்றில் ஒன்றை எடுங்கள். மருந்தடித்த மரக்கறி மீனைக் கொல்லக்கூடும் என்பதால், வீட்டில் மருந்தடிக்காமல் விளைந்ததே சிறந்தது. நன்றாகக் கழுவி, ஒரு துண்டைக் கொதிநீரில் ஓரிரு நிமிடம் இட்டு எடுத்து ஆறவிடுங்கள். உப்புச் சேர்க்க வேண்டாம். துண்டை முள்ளுக்கரண்டியில் குத்தினால் மிதக்காமல் அடியில் நிற்கும். இரவில் விளக்கை அணைத்த பின்னர் இட்டு, காலையில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். விட்டால் அழுகி நீரைக் கெடுக்கும். அடியில் அமிழும் பாசி வில்லைகள் கடைகளில் கிடைக்கும். வசதியிருந்தால் இடைக்கிடை அவற்றையும் கொடுக்கலாம்.

காசில்லாத வழியும் உண்டு. தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரை ஒரு போத்தலில் நிரப்பி, கழுவிய கூழாங்கற்கள் சிலவற்றை இட்டு வெயிலில் வையுங்கள். கற்களில் பச்சை பிடித்ததும் தொட்டிக்குள் வைத்து, சுரண்டி முடிந்ததும் மாற்றுங்கள்.

மீன் கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போது அதன் வயிற்றைப் பாருங்கள். உருண்டிருந்தால் நல்லது. குழிந்திருந்தால் அன்றிரவே தீனி தேவை. கிழமைக்கு ஒருமுறை நீரில் கால்பங்கை மாற்றுங்கள். குழாய் நீரில் குளோரின் இருப்பதால் அதனை ஒருநாள் திறந்து வைத்துப் பாவியுங்கள்.

சக்கர் ஓரடிக்கு மேல் வளரும் என்பதையும் முன்கூட்டியே அறிந்திருங்கள். பெருத்துவிட்டதென்று குளத்திலோ கிணற்றிலோ விட வேண்டாம். கடைக்கோ பெரிய தொட்டி உள்ளவருக்கோ கொடுத்துவிடுங்கள். இப்படி விடப்பட்ட மீன்கள் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் நீர்நிலைகளில் பெருகி, நாட்டு மீன்களுக்கும் மீனவரின் வலைகளுக்கும் கேடு செய்கின்றன.

துப்புரவு செய்பவருக்கு மிச்சம் மீதி போதும் என்ற எண்ணம் எமது சமூகத்தில் ஆழப் பதிந்துள்ளது. வீடு கூட்டி, சமைத்து, எல்லோருக்கும் பரிமாறிய பின் சட்டியின் அடியில் இருப்பதை உண்ணும் தாய்மாரை நான் நாள்தோறும் காண்கின்றேன். அந்தச் சகோதரியிடமும் இதைச் சொன்னேன். இப்போது அவர் இரவில் மீனுக்குக் கெக்கரிக்காய்த் துண்டு இடுகிறார். தனக்கும் ஒரு பங்கு சோறு எடுத்து வைத்த பிறகே பிள்ளைகளுக்குப் பரிமாறுகிறாராம். நீங்களும் இன்றிரவு அப்படியே செய்யுங்கள்.