தனுஷ்கோடியில் பிளாட் வாங்கலாமா?

பென்னாகரத்து நண்பர் கேட்டார்: "2017-லயே அரிச்சல்முனை வரைக்கும் ரோடு வந்துடுச்சே, தனுஷ்கோடியில ஒரு பிளாட் வாங்கிப் போடலாமா?"

முடியாது. 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு, வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்துவிட்டது. ஆனாலும் மீனவக் குடும்பங்கள் குடிசை போட்டு, பட்டா இல்லாமலே இருக்கிறார்கள். கரைவலை சோறு போடுகிறது. தண்ணீர்? மணலில் சில அடி தோண்டினால் நல்ல ஊற்று! (நம்ம மாவட்டத்தில் பல ஊர்களில் போர் போட்டால் ஃபுளோரைடு.)

மழைநீர் உப்புநீரைவிட லேசானது, அதனால் அதன்மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு அடி நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 அடி இருக்கும். இது கைபன்-ஹெர்ஸ்பெர்க் கணக்கு. ரிசார்ட்காரர் மோட்டார் வைத்து அந்த ஒரு அடியை உறிஞ்சினால் போதும், உப்பு 40 அடி மேலே ஏறிவிடும். குடிசைக்காரர்களின் ஊற்றும் போச்சு.

எல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப ராமேஸ்வரத்துல?" என்றார் நண்பர்.