ரப்பர் கன்றுக்குள் ஜீனை ஏற்றும் பாக்டீரியா: 28 டிகிரி தாண்டினா என்ன ஆகும்?

புதுக்கடை பக்கம் ரப்பர் பால் வெட்டுறதைப் பார்த்து வளர்ந்தவங்களுக்கு இது புதுசா இருக்கலாம். மரபணு மாற்றிய ரப்பர் கன்றுகள் 2021 ஜூனில் அசாமின் குவாஹாட்டி அருகே நடப்பட்டன. கோட்டயத்தில் உள்ள இந்திய ரப்பர் ஆராய்ச்சி நிலையத்தின் உருவாக்கம். அங்கத்த குளிரைத் தாங்குமா என்பதுதான் சோதனை. சேர்த்தது வேற்று ஜீன் இல்லை. ரப்பரோட சொந்த ஜீனின் கூடுதல் பிரதி.

அதை உள்ளே கொண்டுபோனது அக்ரோபாக்டீரியம். செடியின் காயம் வழியே புகுந்து கட்டி உண்டாக்கும் மண் பாக்டீரியா இது. கட்டிக்கான ஜீனை எடுத்துட்டு நமக்கு வேண்டியதை வெச்சா, அதையும் செல்லுக்குள் சேர்த்துவிடும்.

ஈஸ்ட் சாறு கலந்த ஊட்டக் கரைசலில், குலுக்கிக்கொண்டே, 28 டிகிரியில் வளர்க்கிறார்கள். ஈ.கோலை வளர்த்த பழக்கத்தில் 37 டிகிரி வெச்சா போச்சு! ஜீனைச் செடிக்குள் கடத்த உதவும் பிளாஸ்மிடையே அது இழந்துவிடலாம். பாக்டீரியா உயிரோடுதான் இருக்கும்; வேலை மட்டும் நடக்காது.