டோனர்த் தூளும் அதன் சோதனைகளும்

பல ஆண்டுகளுக்கு முன் பிளாஸ்டிக் உறையிலிட்ட மதிப்பெண் பட்டியலை வெளியே எடுக்கையில், எழுத்துக்கள் உறையோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடுவதை ஆசிரியர் பலர் கண்டிருப்பர். இது ஏன் நிகழ்கிறது?

லேசர் அச்சிலும் ஜெராக்ஸ் பிரதியிலும் எழுத்தாய் அமைவது மையன்று; டோனர் என்னும் நுண்தூள். 1938 அக்டோபர் 22 அன்று அமெரிக்காவில் செஸ்டர் கார்ல்சன், கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டில் மின்னேற்றத்தால் ஒரு தூளை ஒட்டவைத்து முதற்பிரதி எடுத்தார். இன்றைய கறுப்பு டோனரில் பெரும்பகுதி பிசின் வகைப் பிளாஸ்டிக். நிறத்திற்குக் கரிப்பொடியும், உருளையில் ஒட்டாதிருக்க மெழுகும் சேர்க்கப்படுகின்றன.

வாங்கும் பண்டத்தைச் சோதித்தறிதல் கொல்கத்தா நகருக்குப் பழக்கமான பணி. இன்று தேசியச் சோதனைச் சாலை எனப்படும் நிலையம் 1912-ல் ரயில்வே வாரியத்தின்கீழ்த் தோன்றி, அலிப்பூரில் வளர்ந்தது. குவியலிலிருந்து மாதிரியைப் பாரபட்சமின்றி எடுக்கும் கலையை வளர்த்த இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை மகலனோபிஸ் 1931-ல் நிறுவியதும் அந்நகரிலேயே. மாதிரி தவறானால் சோதனையும் பயனற்றதாகும்.

டோனருக்குரிய சோதனைகள் மூவகைப்படும். முதலாவது பௌதிகச் சோதனை. துகள் பொதுவாக 5 முதல் 10 மைக்ரான் அளவினது. மிகப் பெரிதானால் எழுத்தின் விளிம்பு கரடுமுரடாகும். மிக நுண்ணிதானால் தூள் பறந்து காகிதத்தில் மாசு படியும். உப்புக்கரைசலில் கலந்த துகள்களை ஒரு நுண்துளை வழியே செலுத்தினால், ஒவ்வொன்றும் கடக்கையில் மின்தடை மாறும். அம்மாற்றமே துகளின் பருமனைக் காட்டும்.

இரண்டாவது வெப்பச் சோதனை. பிசின் ஏறத்தாழ 50 முதல் 65 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கும். அதற்குமேல் நன்கு உருகினால்தான் சூடான உருளையின்கீழ்க் காகித இழைகளைப் பற்றும். மிக எளிதில் இளகும் தூள், கோடை வெயிலில் நிற்கும் மூடிய வண்டியிலேயே கட்டிதட்டக்கூடும். எளிதில் இளகாத தூளோ சரியாகப் பற்றாமல் உதிரும்.

மூன்றாவது நிறச் சோதனை. காகிதத்தின்மீது விழும் ஒளியில் பத்திலொரு பங்கு திரும்பினால் ஒளியடர்த்தி 1. நூற்றிலொரு பங்கு திரும்பினால் 2. எண் உயர்ந்தால் கருமை மிகும்.

கருவியில்லாத இடத்திலும் ஒரு சோதனை செய்யலாம். அச்சிட்ட தாளை மடித்து விரித்து, மடிப்பை உலர்ந்த துணியால் தேய்த்துப் பாருங்கள். எழுத்து உதிர்ந்தால் தூள் உருகிப் பற்றவில்லை எனக் கொள்ளலாம். அத்தாளைப் பதிவேட்டிற் சேர்க்காது மறுபடி அச்சிடுவதே முறை.

இனி, முதலிற் கேட்ட வினாவிற்கு வருவோம். மென்மையான பி.வி.சி. உறையிலுள்ள இளக்கிப் பொருள் மெல்லக் கசிந்து டோனர்ப் பிசினையும் இளக்குகிறது. அதனால் எழுத்து உறையைப் பற்றிக்கொள்கிறது. ஆகவே சான்றிதழ்களைப் பாலிபுரோபைலீன் உறையிலோ, காகித உறையிலோ வைத்தல் நலம். ஒரு மாணவனின் உரிமைக்கு அத்தாளே சாட்சியாயிருத்தல் கூடுமன்றோ!