பணி வேறு, பணியின் நோக்கம் வேறு

“தாங்கள் ஆற்றும் பணியின் நோக்கம் யாது?” என்று வினவினால், நம்மிற் பலர் நாள்தோறும் செய்யும் வேலைகளையே வரிசையாகக் கூறுவோம். ஆசிரியர் தாம் நடத்திய பாடங்களைக் குறிப்பிடுவார். களப்பணியாளர் தாம் சென்று வந்த கிராமங்களைக் குறிப்பிடுவார். செய்யும் வேலை வேறு. அதனால் அடையக் கருதும் பயன் வேறு. இவ்வேறுபாட்டை நம் நாட்டில் பெரியம்மை ஒழிக்கப்பட்ட வரலாறு இனிது விளக்குகிறது.

1962-ஆம் ஆண்டில் தேசியப் பெரியம்மை ஒழிப்புத் திட்டம் தொடங்கப்பெற்றது. மக்கள் யாவர்க்கும் அம்மை குத்துதலே அப்போது கைக்கொண்ட முறை. கோடிக்கணக்கானோருக்கு அம்மை குத்தப்பட்டதாகப் பதிவேடுகள் காட்டின. எனினும் நோய் ஒழியவில்லை. காரணம் யாது? குத்தப்பட்டோரின் எண்ணிக்கையே உழைப்பின் அளவுகோலாயிற்று. ஆகவே எளிதிற் கிட்டிய பள்ளிப் பிள்ளைகளுக்கே மீண்டும் மீண்டும் குத்தப்பட்டது. கைக்குழந்தைகளும், பிழைப்பை நாடி ஊர் ஊராய்ச் செல்லும் எளியோரும் விடுபட்டனர். எண்ணிக்கை நிறைந்தது, நோய் எஞ்சியது.

1973-இல், உலக சுகாதார நிறுவனத்தின் துணையுடன் தீவிர இயக்கம் தொடங்கியபோது, வினாவே மாறிற்று. ‘எத்தனை பேருக்குக் குத்தினீர்?’ என்பது போய், ‘நோயாளி எங்கேனும் எஞ்சியுள்ளாரா?’ என்பது வந்தது. பெரியம்மை மனிதரிடமிருந்து மனிதர்க்கே பரவுவது. அதன் கொப்புளங்களும் கண்ணுக்கு நன்கு புலப்படுபவை. ஆதலின் ஒவ்வொரு நோயாளியையும் கண்டறிந்து, அவரைச் சூழ்ந்துள்ளோர் அனைவருக்கும் உடனே அம்மை குத்தினால் தொற்றுச் சங்கிலி அறுபடும்.

நோயுற்ற குழந்தையின் படம் பொறித்த அட்டையுடன் பணியாளர்கள் பள்ளிகளிலும் சந்தைகளிலும் வீடுகளிலும் விசாரித்தனர். வழக்கமான அறிக்கைகளில் இடம்பெறாத ஆயிரக்கணக்கான நோயாளிகள் முதல் தேடல்களிலேயே தெரியவந்தனர். முன்பு பழிக்கு அஞ்சி நோயை மறைத்தோரும் உண்டு. இப்பொழுதோ அதனை அறிவிப்பதே பாராட்டுக்குரியதாயிற்று. 1975-இல் அறிவிப்போர்க்கு 1,000 ரூபாய் பரிசும் வழங்கப்பட்டது.

1974-இல் சுமார் 1,88,000 பேர் நோயுற்றனர். பீகாரில் கொடுமை மிகுந்தது. பழைய முறைக்கே திரும்பவேண்டும் என்ற குரலும் எழுந்தது. நோக்கம் தெளிவாயிருந்தமையால் இயக்கம் நிலைகுலையவில்லை. 1975 மே மாதத்திற்குப் பின் இந்நாட்டில் பெரியம்மை பரவவில்லை. 1977 ஏப்ரலில் பன்னாட்டு ஆணைக்குழு, நாடு அந்நோயினின்று விடுபட்டதெனச் சான்றளித்தது.

இதனின்று நாம் கொள்ளத்தக்க பாடம் எளியது. தம் பணியின் நோக்கத்தை ஒவ்வொருவரும் ஒரே வாக்கியத்தில் எழுதிப் பார்க்கவேண்டும். அவ்வாக்கியத்தில் பயன் பெறுவோர் யாவர் என்பது விளங்கவேண்டும். நோக்கம் நிறைவேறியதா என்பதைப் பிறரும் கண்டறியக் கூடவேண்டும்.

‘ஆண்டிறுதிக்குள் பாடநூலை முடிப்பேன்’ என்பது வேலை. ‘என் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பத்தியைத் தானே படித்துப் பொருள் கூறும்’ என்பது நோக்கம். ‘இருநூறு மண் மாதிரிகள் திரட்டினேன்’ என்பது வேலை. ‘மாதிரி தந்த உழவர் யாவரும் விதைப்புக்கு முன்னரே முடிவை அறிந்து அதற்கேற்ப உரமிடுவர்’ என்பது நோக்கம்.

நோக்கத்தை இவ்வாறு வகுத்தபின், மாத அறிக்கை எழுதும் நாளில் ‘எவ்வளவு செய்தேன்?’ என்பதோடு நில்லாமல், ‘இன்னும் எஞ்சியோர் யாவர்?’ என்றும் வினவுதல் வேண்டும். பின்தங்கிய பிள்ளையும், எட்டாத குடிசையும் அவ்வினாவினாலேயே நம் கண்ணிற் படும்.